பதினேழுக்குப் பதினாறு

காரைக்கால்மேடு,
21.9.2008

அன்பு மகன் நிலவனுக்கு அப்பா மருதையன் எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் உன் மகள் முத்தமிழும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், நலமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை. நீ குவைத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலுக்குத் தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை பார்த்து, நல்லபடியாக இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். மேலே உன் பெண்டாட்டி தீபாவின் பெயரைச் சேர்க்காதது மறதியால் இல்லை, கடிதம் முழுக்க அவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். தணிந்த பிறகு எழுதுங்கள் என்று உன் அம்மா சொன்னாள், நானும் இருந்து பார்த்தேன், தணியவில்லை.

உனக்கு இதுவரை தெரிந்ததெல்லாம் உன் பெரியப்பா மகன் அருள்ராஜ் போனில் ஊதியதுதான். நடந்தது எது என்று நான் சொல்கிறேன், பக்கத்தில் நின்றவன் நான். நம் கட்சியில் மாவட்டச் செயலாளர் பதவிக்கு இந்தத் தடவை மேலிடத்தில் ஆளைப் போடாமல் தேர்தல் வைத்தார்கள். ஒரு பக்கம் உன் பெரியப்பா தர்மலிங்கம், இன்னொரு பக்கம் பூவத்துச் சுந்தரமூர்த்தி வாத்தியார். பதினொரு கிளை, கிளைக்கு மூன்று பிரதிநிதி, அதில் ஒருத்தர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும் என்று விதி, ஆக முப்பத்து மூன்று ஓட்டு. நம் கிளைக்கு நானும் அருள்ராஜும் போக, பெண்ணுக்கு யார் என்று பேச்சு வந்தபோது தீபா பெயரைச் சொன்னதே உன் பெரியப்பாதான். "நம்ம வூட்டுப் புள்ள, வாயத் தொறக்காது, சொன்ன எடத்துல டிக் போட்டுட்டு வந்துடும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதைக் கேட்டு நீயும் போனில் சிரித்தாய். அவள் அப்போது அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கும் கேட்டிருக்கும்.

கணக்கெல்லாம் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார்கள். கடற்கரைக் கிளைகள் முழுக்க நமக்கு, வயல் பக்கம் பெரும்பாலும் வாத்தியாருக்கு, டவுனில் பாதிக்குப் பாதி, எப்படிக் கூட்டினாலும் நமக்குப் பதினேழு அவர்களுக்குப் பதினாறு. ஓட்டுப் போடப் போன கல்யாண மண்டபத்து வாசலில் அருள்ராஜ் சரவெடியைக்கூட விரித்து வைத்துவிட்டான். பெட்டியைத் திறந்து எண்ணினால் அப்படியே தலைகீழாக வந்தது, வாத்தியாருக்குப் பதினேழு, அண்ணனுக்குப் பதினாறு. மறுபடி எண்ணச் சொன்னார்கள், எண்ணினார்கள், அதேதான். வாத்தியாருக்கு விழுந்த ஒரு சீட்டில் டிக் கோட்டைத் தாண்டிவிட்டது, அது செல்லாது என்று நம் ஆட்கள் கத்தினார்கள், அப்படியானால் உங்கள் பக்கத்துச் சீட்டு ஒன்றில் பேனா இரண்டு தடவை பட்டிருக்கிறது, அதையும் தள்ளு என்று பூவத்துக்காரர்கள் கத்தினார்கள், நாற்காலி பறந்தது. புதுச்சேரியிலிருந்து வந்திருந்த மேற்பார்வையாளர் இரண்டும் செல்லும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார். சரவெடியை வாத்தியார் ஆட்கள் கொளுத்தினார்கள். நாம் வாங்கிய வெடி அது.

மறுநாள் வலை கட்டும் கொட்டகையில் உட்கார்ந்து ஆள் ஆளாக எண்ண ஆரம்பித்தார்கள். இவன் போட்டிருப்பான், அவன் போட்டிருக்க மாட்டான், அவன் மச்சினி பூவத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. மண்டபத்தூர்க் கருப்பையனைத்தான் முதலில் பிடித்தார்கள், அந்த மனிதன் அழாத குறையாகச் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். அப்புறம் கடற்கரைக் கிளைக்காரர் எல்லோரும் அணைக்க வேண்டும் என்று அருள்ராஜ் சொல்லி, ஒவ்வொருத்தராக அணைத்தோம், நானும் அணைத்தேன், நான் அண்ணனுக்குத்தான் போட்டேன், அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. தீபா முறை வந்தது. தட்டைப் பார்த்தாள், கையை நீட்டவில்லை. "பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேங்க மாமா, நான் பூவத்து சாருக்குத்தான் போட்டேன்" என்றாள். கொட்டகையில் அத்தனை ஆம்பிளைகள் இருந்தார்கள். ஏன் என்று உன் பெரியப்பாதான் கேட்டார், மெதுவாகத்தான் கேட்டார். அவள் சொன்னாள், "விசாலாட்சி அக்கா புருசன சுனாமியில குடுத்துட்டு இன்னும் தகரக் கொட்டாயிலதான் கெடக்கு. அவுங்களுக்கு வந்த வூட்டுல அருள்ராஜ் மச்சான் பூட்டுப் போட்டு வலையும் ஐஸ் பெட்டியும் வச்சிருக்காங்க. கேக்கப் போனா பெரிய மாமா அடுத்த வாரம் அடுத்த வாரம்னு ரெண்டு வருசமா சொல்றீங்க. இதுக்கு மேல என்னத்தச் சொல்றது?" அவ்வளவுதான் பேசினாள். தட்டில் சூடம் தானாக எரிந்து அணைந்தது.

நிலவா, எனக்கு அப்போது உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது, அவள் மேல்தான். விசாலாட்சிக்காக வக்காலத்து வாங்க வேண்டுமானால் வீட்டில் என்னிடம் சொல்லியிருக்கலாம், அண்ணனோடு நான் பேசியிருப்பேன். குடும்பத்து மானத்தைக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்துவிட்டாளே என்று அவள் போட்ட சோற்றைத் தொடவில்லை, பேசவும் இல்லை. உன் அம்மா லோகாம்பாள் என்னைவிட மோசம், அவளைப் பெற்ற தாயையும் சேர்த்து இழுத்துத் திட்டினாள். கரையில் ஏலத்துக்குப் போனால் உன் அம்மாவுக்கு ஒரு கூடை மீன் விட மாட்டோம் என்றார்கள், இருபது வருஷமாகக் கூட உட்கார்ந்து விற்ற பெண்கள் கூடையை நகர்த்திக்கொண்டு போனார்கள். அந்தக் கோபத்தையும் உன் அம்மா வீட்டுக்கு வந்து தீபா மேல்தான் இறக்கினாள். இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், மருமகள் பேச்சைக் கேட்டு அப்பா ஆடுகிறார் என்று நீ போனில் சொன்னாயாம். நான் அவள் பக்கம் நிற்கவே இல்லை. அந்த விசாலாட்சியே வாசலில் வந்து நின்று, "ஒன்னய யாருடி எம் பேர இழுக்கச் சொன்னா, வரவேண்டிய வூடும் இனிமே வராது" என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். தீபா அதையும் கேட்டுக்கொண்டு முத்தமிழுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

இதோடு விட்டிருந்தால் நாலு மாதத்தில் ஆறியிருக்கும். விடவில்லை. யாரோ டவுன் வக்கீல் குமாஸ்தா யோசனை சொல்லியிருக்கிறான். வாத்தியார் புடவையும் பணமும் கொடுத்து ஓட்டை வாங்கினார் என்று தீபாவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவள் ஓட்டு செல்லாது, பதினாறுக்குப் பதினாறு ஆகிவிடும், சமமாக வந்தால் மேலிடம் முடிவு செய்யும், மேலிடத்தில் அண்ணனுக்கு ஆள் இருக்கிறது. இதுதான் கணக்கு. நாலு பேரோடு அருள்ராஜ் தாளை டைப் அடித்து எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான், பின்னாலேயே உன் பெரியப்பாவும் வந்தார். அவள் படித்துப் பார்த்துவிட்டு, அவர் எனக்குப் புடவையும் கொடுக்கவில்லை பணமும் கொடுக்கவில்லை, இதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அப்போதுதான் அருள்ராஜ் உனக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்து அவள் கையில் கொடுத்தான்.

நீ பேசியதை நானும் கேட்டேன். உன் அம்மாவும் கேட்டாள், வெளியே நின்றவர்களும் கேட்டார்கள், உன் மகளும் கேட்டாள். "கையெழுத்துப் போடு, இல்லேன்னா இப்பவே பொட்டியக் கட்டிக்கிட்டு மண்டபத்தூருக்கு ஒங்கப்பன் வூட்டுக்குப் போ" என்றாய். வாத்தியாரையும் அவளையும் சேர்த்து நீ சொன்ன இன்னொரு வார்த்தையை நான் தாளில் எழுத மாட்டேன். வாத்தியாருக்கு என் வயசு. நான் வளர்த்த பிள்ளையின் வாயா இது என்று உன் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். தீபா போனை அருள்ராஜிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். அருள்ராஜ் பின்னாலேயே போய், கையெழுத்துப் போடாவிட்டால் கைநாட்டு வை என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து மைப்பெட்டியில் விரலை அழுத்தினான். பன்னிரண்டாவது படித்தவளை. முத்தமிழ் வீறிட்டது. நான் அருள்ராஜை அறைந்தேன். என் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை, சுவரில் போய் மோதினான், உதடு கிழிந்தது. அந்தத் தாளை நாலாகக் கிழித்து உன் பெரியப்பா காலடியில் போட்டேன். "ஒனக்கும் எனக்கும் இனிமே நல்லதும் இல்ல கெட்டதும் இல்லடா" என்றார் அண்ணன். "இல்லன்னே இருக்கட்டும்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அவர் தெருவில் நடந்து போவதைப் பார்க்க முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்தது இதுதான். நாம் கடலுக்குப் போகும் பைபர் போட்டில் இருந்த எஞ்சினை அவர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், எஞ்சின் அண்ணன் வாங்கியது, கேட்க எனக்கு வாயில்லை. போட்டு மட்டும் மணலில் கவிழ்ந்து கிடக்கிறது. நான் மண்டபத்தூருக்குப் போய்க் கருப்பையன் போட்டில் கூலிக்கு ஏறுகிறேன், உன் அம்மா அங்கேதான் மீன் எடுத்து விற்கிறாள். தேர்தல் முடிவு அப்படியே நிற்கிறது, வாத்தியார் பதவி ஏற்றுக்கொண்டார். ஏற்றதும் சால்வையும் பழத்தட்டும் எடுத்துக்கொண்டு தீபாவைப் பாராட்ட நம் வாசலுக்கு வந்தார், கூடப் போட்டோ எடுக்க ஓர் ஆள். "ஒங்களுக்கு ஒரு ஓட்டு வந்துச்சு, எனக்கு அண்ணன் போயிட்டாரு, சால்வைய எடுத்துக்கிட்டுப் போங்க சார்" என்று அனுப்பிவிட்டேன். விசாலாட்சி வீட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு வாங்க, அப்போது உள்ளே உட்காரலாம் என்றும் சொன்னேன். இதுவரை வரவில்லை. அந்த வீட்டில் அருள்ராஜ் பூட்டுத்தான் தொங்குகிறது. யார் ஜெயித்தும் அந்தப் பூட்டு அசையவில்லை.

தீபா மண்டபத்தூர் போகவில்லை. அவள் கட்டி வைத்த பையை நான்தான் எடுத்துப் பரணில் போட்டேன். அவள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை, அடுத்த தேர்தல் வந்தால் நான் என் அண்ணனுக்குத்தான் போடுவேன். ஆனால் பொய்யை எழுதி இவள் விரலைப் பிடித்து அழுத்தித்தான் அவர் ஜெயிக்க வேண்டும் என்றால் அந்தப் பதவி அவருக்கு வேண்டாம், அப்படி ஜெயிக்கச் சொல்லிப் பெண்டாட்டியைத் துரத்துகிற பிள்ளை எனக்கும் வேண்டாம். இந்த வீடு என் பெயரில் இருக்கிறது, அவளைப் போகச் சொல்ல உனக்கு அதிகாரம் இல்லை. லீவு எடுத்துக்கொண்டு நேராக உன் பெரியப்பா வீட்டில் வந்து இறங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன், தாராளமாக இறங்கு. இந்த வாசல்படி ஏற வேண்டுமானால் அவளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகு ஏறு. உன் அம்மாவும் இதையேதான் எழுதச் சொன்னாள்.

வயிற்றைக் கவனித்துக்கொள், காரத்தைக் குறை, ரூமில் கூட இருக்கும் பிள்ளைகளோடு இந்தக் கதையெல்லாம் பேசாதே. முத்தமிழ் உன்னைக் கேட்கவில்லை, அன்றையிலிருந்து போன் மணி அடித்தால் உள்ளே ஓடுகிறது. நீ நூறு வயசு நல்லா இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் விபூதி பூசும்போது நினைக்கிறேன், பெற்றவன் வேறு என்ன நினைப்பேன். வெள்ளிக்கிழமை உனக்கு லீவு நாள், அன்றைக்குப் போன் பண்ணு, எனக்கு இல்லை, அவளுக்கு. எனக்கு இங்கிலீஷ் எழுத வராது என்பது உனக்குத் தெரியும், கவரின் மேல் உன் விலாசத்தை அவள்தான் எழுதிக் கொடுத்தாள். உள்ளே என்ன எழுதினீர்கள் என்று கேட்கவில்லை, பின்கோடு சரியா என்று மட்டும் இரண்டு தடவை பார்த்தாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. மருதையன்