கரும்பலகையை அழித்துவிட்டுப் போகவும்

ஒட்டுசுட்டான்,
19.01.1998

அன்புள்ள இராசேஸ்வரி அக்கா,

கூட்டுத் தலைமைத்துவக் கருத்தரங்கில் பள்ளி அதிபர்கள் நாமிருவரும் சேர்ந்து விளக்கேற்றினோம். அதன்பிறகு சந்திக்கவில்லை. காலையில் உங்கள் பள்ளி. மத்தியானம் அதே கதிரைகளில் இடம்பெயர்ந்த எங்கள் பள்ளி. ஆகவே பொதுமேசையின் இழுப்பு லாச்சிக்குள் இதை வைக்கிறேன்.

எங்கள் முதலாம் ஆண்டில் பதினேழு பிள்ளைகள். ஐந்து மணிக்கு விட்டால் காட்டோரமாக முகாமுக்கு நடக்க வேண்டும். "நீங்க மணியடிக்கிறது யானைக்குத் தெரியுமா டீச்சர்?" என்று அவர்களில் ஒருத்தியான தனுஷாவின் தாய் பேச்சியம்மா கேட்கிறாள். அந்தப் பதினேழு பேரை மட்டும் காலையில் உங்கள் முதலாம் ஆண்டோடு இருத்துவீர்களா? ஆசிரியையையும் அனுப்புகிறேன்.

தங்கள்
ஜெயரூபி

22.01.1998

அன்புள்ள ஜெயரூபி,

லாச்சிக்குள் உமது கடிதம் கிடைத்தது, எறும்பும் கிடைத்தது. சாப்பிடும் பிள்ளைகள் மேசையைத் துடைக்கட்டும்.

கூடித்தான் முடிவெடுக்க வேண்டும் என்று கருத்தரங்கில் சொன்னார்கள். எங்கள் பெற்றாரைக் கூட்டினேன். "இண்டைக்குப் பதினேழு வரும், நாளைக்குப் பள்ளிக்கூடமே அவையின்ரை" என்று வீரகத்தி எழும்பிச் சொன்னார். மறுத்துச் சொல்ல யாரும் எழும்பவில்லை, நானும்தான். முடிவு ஏகமனதானது.

கரும்பலகையை அழித்துவிட்டுப் போகவும்.

அன்புடன்
இராசேஸ்வரி

18.06.1998

அன்புள்ள அக்கா,

கரும்பலகை அழித்திருக்கிறது. பதினேழு பேரில் இப்போது ஒன்பதுதான் வருகிறது. இன்னொருமுறை யோசியுங்கோ.

ஜெயரூபி

19.06.1998

அன்புள்ள ஜெயரூபி,

ஒன்பது என்றால் சமாளிக்கலாம்தானே. அடுத்த தவணை பார்ப்போம்.

இராசேஸ்வரி

புதுக்குடியிருப்பு,
14.01.1999

அன்புள்ள ஜெயரூபி,

லாச்சி இல்லை, அதனால் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். மார்கழியில் ஒட்டுசுட்டானை விட்டு ஓடிவந்தோம். எங்களுக்கு முன்பே உங்கள் முகாமோடு இங்கே வந்து நீர் போட்ட கொட்டிலில், மத்தியானம் எங்கள் பள்ளி நடக்கலாம் என்று கல்விக் கந்தோர் அதிகாரிகள் சொல்கிறார்கள்.

எங்கள் முதலாம் ஆண்டில் பதினொரு பேர். வீரகத்தியின் பேத்தியும் ஒருத்தி. இங்கும் காட்டுப்பாதைதான். அவர்களை மட்டும் காலையில் இருத்த முடியுமா? "அவா ஓம் எண்டு சொல்லுவாவோ?" என்று வீரகத்தி கேட்கிறார். தெரியாது என்றேன்.

அன்புடன்
இராசேஸ்வரி

15.01.1999

அன்புள்ள அக்கா,

திங்கட்கிழமை கூட்டிவாங்கோ. இதற்குக் கூட்டம் வைக்கவில்லை.

போன வருடத்துப் பதினேழு பேரும் இந்த வருடம் இரண்டாம் ஆண்டு. அவர்கள் இருந்து படிக்கவென்று மரவாங்குகள் அடிப்பித்தேன். இனிக் காலைப் பள்ளி என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். "இப்ப எதுக்கு டீச்சர்? தனுஷா மாட்டோட போய்ப் பழகிருச்சு" என்றாள் பேச்சியம்மா. ஒருவரும் வரவில்லை.

உங்கள் பிள்ளைகள் அந்த வாங்குகளில் இருக்கலாம். ஆறு இடம் மிஞ்சும்.

கரும்பலகையை அழிக்க வேண்டாம். அந்த வகுப்புக்கு வேறு யாரும் வருவதில்லை.

ஜெயரூபி