பனிக்குப் பூக்கும் அவரை

சௌமிய வருஷம், மார்கழி 18

கடும் பனி. முழங்கால் வலி.

அவரைப் பூ அத்தனையும் உதிர்ந்துவிட்டது. பந்தலடி முழுக்க ஊதா. நேற்று சண்முகம் அவனுடைய புது பீன்ஸுக்கு மருந்து அடித்தான். கம்பெனி விதை, கம்பெனி மருந்து. காற்று என் பக்கம் என்று தெரிந்தேதான் அடித்தான். கேட்டதற்கு, "காலம் மாறிப்போச்சு அண்ணி. இன்னும் இந்தக் கொடியைக் கட்டிக்கினு அழுவுறியே!"

என் வீட்டுக்காரரின் தம்பி. பத்து வயதில் தறிக்குழியில் இறங்கியவன். போன வருஷம்தான் தறியை விற்றுவிட்டு இங்கே ஓரிக்கைக்கு, என் பக்கத்துக் கொல்லைக்கு வந்தான். பாவும் ஊடையும் தெரியும். விதைக்கிற பட்டம் தெரியுமா?

பொங்கல் குழம்புக்குக் காய் இல்லை. இருக்கட்டும்.

தை 15

வாங்க: வெல்லம், மண்ணெண்ணெய், எருமைக்குப் பிண்ணாக்கு.

ச.வின் பீன்ஸ் வேர் அழுகிப் போயிற்று. ரொம்ப நல்லது.

மாலையில் வந்து நின்றான். வைகாசிக் கல்யாணத்துக்குக் காய் தருவதாகச் சமையல்காரர் ஒருவருக்கு வாக்கு கொடுத்துவிட்டானாம். "உன் அவரை விதை கொஞ்சம் குடு அண்ணி."

கொடுத்தேன். சாம்பலில் புரட்டி வைத்த நல்ல விதை, ஒன்றுகூடச் சொத்தை இல்லை. ஆடியில் போட்டு மார்கழிப் பனியில் பூக்கிற அவரை. தையில் போட்டால் கொடிதான் ஓடும். அடுத்த பனி வரைக்கும் ஒரு பூ எடுக்காது. அதை மட்டும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

சாதாரண வருஷம், சித்திரை 9

வெயில் கொளுத்துகிறது. எருமை கன்று போட்டது. கிடாரி.

ச. பந்தலை உயர்த்திக் கட்டியிருக்கிறான். கொடி கூரை ஏறிவிட்டது. "பாத்தியா அண்ணி, உன்னுதைவிட எப்பிடி இருக்குது!"

பார்த்தேன், பார்த்தேன். தண்ணீர் இறைத்து இறைத்து அவன் கை காய்த்திருப்பதையும் பார்த்தேன்.

வைகாசி 20

ஒரு பிஞ்சு இல்லை. சமையல்காரர் அவன் வாசலில் நின்று வைதுவிட்டுப் போனார். வேலியோரம் நின்று முழுக்கக் கேட்டேன். இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டேன்.

ஆடி 5

தூறல். விதைப்பானையைத் திறந்து வைத்தேன். ஒருத்தரும் வரவில்லை.

ஆடி பிறந்தால் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண்கள் கொல்லைப் பந்தலுக்கு என்னிடம்தான் விதை வாங்குவார்கள். ஓரிக்கையில் எல்லாரும் வேர்க்கடலைக்குப் போய்விட்டார்கள். இந்த அவரையை இன்னும் போடுவது நானும் அந்தப் பெண்களும்தான்.

ஆடி 8, வெள்ளி

அம்மன் கோயிலில் கூழ். பிள்ளையார்பாளையத்து மங்கம்மாவும் வந்திருந்தாள். விதைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"சண்முகம் தறிக்குத் தறி சொல்லிக்கினு வந்தாரும்மா. உங்களுது மலட்டு விதையாமே? நாங்கல்லாம் கம்பெனி பாக்கெட்டு வாங்கிட்டோம்."

கூழை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அவனுக்கு வெட்டிய குழியில் என் அவரை விழுந்துவிட்டது. சொன்ன வாயை நான் அடைக்க முடியாது. அவன் பந்தலிலேயே காய்த்தால்தான் அடைபடும்.

ஆடி 10

காலையில் ச. அரிவாளோடு அவன் பந்தலடியில். ஓடினேன்.

"வெட்டாதேப்பா! பனி விழட்டும், பூக்கும். பந்தல் தாங்காது, அப்பிடிக் காய்க்கும். தறிக்காரங்க எல்லாரும் வந்து பாக்கட்டும்."

அரிவாள் நின்றது. "பனிக்குத்தான் பூக்கும்னு தெரிஞ்சேதான் குடுத்தியா அண்ணி?"

"ஆமாம்பா. காத்து எந்தப் பக்கம்னு தெரிஞ்சே நீ மருந்து அடிச்ச மாதிரி."

அரிவாளை வேலியில் செருகினான். "இனிமே என்னால தண்ணி இறைக்க முடியாது" என்று உள்ளே போய்விட்டான்.

மார்கழி வரைக்கும் அவன் கொடிக்கு நான்தான் இறைக்கவேண்டும். இன்றைக்கு ஊற்றியாயிற்று. சனியன், நல்ல கொடிதான்.