நிற்கிற படம்

4.2.1992

அன்புத் தம்பிக்கு,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள், முதலில் இதைப் படி.

என் மகள், நம் வாலுவுக்கு எட்டு வயதாகிறது. வாய் ஓயாமல் பேசுகிறவள் திடீரென்று அப்படியே நின்றுவிடுகிறாள். கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. பத்து விநாடி. பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுகிறாள். கவனமில்லை என்று பள்ளியில் வெளியே நிறுத்துகிறார்கள். போன வாரம் சாலை நடுவில் நின்றுவிட்டாள். பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தாள். ஆனால் டாக்டர் முன்னால் அது ஒருமுறைகூட வரவில்லை. "சேட்டை பண்றா, விடுங்க" என்கிறார்.

உன் அத்தான் வீடியோ கேமரா இரவல் வாங்கி, நாலு நாள் காத்திருந்து, ஒரு தடவை படம் பிடித்துவிட்டார். டாக்டர் வீட்டு டிவியில் நிறுத்திப் பார்த்தால் கோடு கோடாகக் கிழிகிறது. படத்தில் அவள் கண் தெரியவில்லை. டேப்பைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற ஏதோ கார்டு இருக்கிறதாமே? நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவன் நீ. எது வாங்குவது, சொல்.

"பொட்டி தட்டுறதெல்லாம் ஒரு வேலையா" என்று அவர் உன்னைக் கேட்டதை நான் மறக்கவில்லை. நீ மறந்திருப்பாயா?

உன் அக்கா

11.2.1992

அக்கா,

படித்ததிலிருந்து கை ஓடவில்லை. கோபத்துக்கா இப்போது நேரம்?

கடையில் இரண்டு கார்டு பார்த்தேன். ஒன்றில் படம் ஓடும். ஆனால் தபால்தலை அளவுதான், முகம் திட்டுத் திட்டாக. மற்றதில் ஓடாது. டேப் ஓடும்போது நாம் தட்டுகிற கணத்தை மட்டும் பிடித்து, திரை நிறைய, தோல் நிறம் மாறாமல் காட்டும். தனியாக கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம், அந்த வேலையையும் அதுவே பார்க்கும்.

கடைக்காரர் முதலாவதைத் தலையில் கட்டப் பார்த்தார். "எல்லாரும் ஓடுற படம் கேப்பாங்க. நீங்க என்ன சார், நிக்கிற படம் கேக்குறீங்க?"

"ஒரு குழந்தையோட கண்ணு தெரியணும்" என்றேன். இரண்டாவதை எடுத்துக் கொடுத்தார்.

டேப்பை அனுப்பு. நகல் வேண்டாம், மங்கிவிடும். இருப்பது அது ஒன்றுதான் என்று தெரியும். அத்தான் என்னை நம்பித் தருவாரா, கேட்டுப் பார்.

தம்பி

15.2.1992

தம்பி,

டேப் இத்துடன். அவரே துண்டில் சுற்றி, தபால் ஆபீஸ்வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். "அவன்கிட்ட போனா பத்திரமா இருக்கும்" என்றார். அவருக்கு அவ்வளவுதான் வரும்.

அக்கா

24.2.1992

அக்கா,

கார்டை மாட்டியதும் திரை கறுப்பாகிவிட்டது. பயந்தே போனேன். அதிலிருக்கும் குட்டி ஊசிகளில் செருகிய மூடிகளை இடம் மாற்றி மாற்றிப் பார்த்ததில், மூன்றாம் தடவை வாலு திரையில் வந்துவிட்டாள்.

அந்தப் பத்து விநாடியை ஞாயிறு முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டி முப்பத்தொரு படம் பிடித்தேன். பதினான்காவதைப் பார். கருவிழி மேலே ஏறியிருக்கிறது, இமை பாதியில் நிற்கிறது. அடுத்ததில் உதடு எதையோ மெல்கிறது. இது சேட்டை இல்லை அக்கா. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மிச்சத்தை எடுத்தேன்.

திரையைக் கேமராவில் எடுத்துப் பிரிண்ட் போட்டு, பின்னால் எண் எழுதியிருக்கிறேன். டேப்பும் உள்ளே இருக்கிறது. உடனே டாக்டரிடம் போ.

தம்பி

9.4.1992

என் தம்பிக்கு,

டாக்டர் பதினான்காவதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்கம்மா, நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். தலையில் வயர் ஒட்டிப் பார்த்ததிலும் தெரிந்துவிட்டது. குழந்தைகளுக்கு வருகிற ஒருவகை வலிப்பாம். மாத்திரைக்கு அடங்குமாம், வளர வளரப் பெரும்பாலும் போய்விடுமாம். அதைக் கேட்டதும் நான் தரையிலேயே உட்காரப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்ட உன் அத்தானுக்கும் கண் நிறைந்திருந்தது.

மாத்திரை தொடங்கி நாலு வாரமாக ஒன்றும் வரவில்லை. நேற்று சாயங்காலம் ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "ஏய் வாலு!" என்று கத்திவிட்டேன்.

"காது கேக்குதும்மா! ஒரு நிமிஷம் நிம்மதியா யோசிக்க விட மாட்டியா?"

சமையலறைக்குப் போய் ஆசை தீர அழுதேன்.

உன் அத்தான் தானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார். கடைசியில், "நீயே எழுது. எப்ப வர்றான்னு கேளு" என்கிறார்.

எப்போது வருகிறாய்?

உன் அக்கா