எட்டாவது வளையம்

மார்ச் 4, செவ்வாய்

தனியாக வயர் இழுப்பது எப்படி என்று இன்று கற்றுக்கொண்டேன். ஐம்பத்தாறு வயதில். தையல் அறையில் நின்று குழாய்க்குள் வயரை நேராகத் தள்ளிவிட ஓர் ஆள், ஹாலில் இரும்பு சுவிட்ச் பெட்டியருகே நின்று, வயர் கட்டிய ஸ்பிரிங் கம்பியைப் பிடித்து இழுக்க ஓர் ஆள். இருபது வருஷமாக அப்படித்தான் வேலை. இன்று இரண்டு ஆளும் நானே. இரண்டு முழம் இழுப்பேன், ஓடிப்போய்ச் சிக்கெடுப்பேன், திரும்பி ஓடிவருவேன். வீட்டுக்கார டெய்லரம்மா தைப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். மச்சினர் வரவில்லையா என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறான் என்று ஒரு பொய்.

வயர் பல இடத்தில் அடம்பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். வேலை முடிந்தது. விளக்கு எரிகிறது.

மார்ச் 6, வியாழன்

கடையில் பழக்கத்தில் இரண்டு டீ சொல்லிவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

எழுதாமல் விட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

போன வாரம். தையல் அறைக் குழாயில் நாலு வளைவு. "இவ்வளவு வளைவுக்கு வயர் தாங்காது, நடுவுல ஒரு பெட்டி வைப்போம்" என்றான் மச்சினன். சரியாகத்தான் சொன்னான். ஆனால் கொத்தனார் முன்னால் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. பூசின சுவரை உடைக்கச் சொல்கிறாயா என்று கத்தினேன். அதோடு வாயை மூடினேனா?

"உங்க அக்காவே போயாச்சு. இனிமே நீ யாருடா எனக்கு?"

 அவன் ஸ்பிரிங்கைச் சுருட்டி ஆணியில் மாட்டினான், கை கழுவினான், போய்விட்டான்.

என் மனைவி இறந்து பத்து மாசம். சாயங்காலம் அவன் வந்து உட்கார்ந்து எதையாவது வளவளவென்று பேசுவான். சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும். இப்போது இந்த வீட்டில் பேசுவது ஃப்ரிட்ஜ் மட்டும்தான்.

மார்ச் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். செவ்வாய்க்கிழமை போட்ட சட்டையின் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வளையம் விழுந்தது.

ஹால் சுவிட்ச் பெட்டிக்கு எட்டுத் துளை. எண்ணி எட்டு வளையம் கொண்டுபோனேன். துளையின் இரும்பு விளிம்பு கத்தி மாதிரி. வளையம் மாட்டாவிட்டால் வயரின் தோலைச் சீவிவிடும். பெட்டி முழுக்கக் கரண்ட் பாயும். அந்தம்மா அதைத் தொட்டுத்தானே தினமும் சுவிட்ச் போடுவார்!

எப்படி மறந்தேன்? எதிர் முனையில் ஒருவன் இருந்திருந்தால், இழுப்பதற்கு முன்னால் "வளையம் போட்டாச்சா?" என்று கேட்டிருப்பான். எப்போதும் கேட்பான். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

உடனே டெய்லரம்மாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அப்பாடா. வெளியே இருக்கிற மெயினை அணைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 10, திங்கள்

வேலை இல்லை. வளையத்தை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றை மட்டும் சத்தமில்லாமல் மாட்டிவிட்டு வந்துவிடலாமா? யாருக்குத் தெரியப்போகிறது? -- சீ. இதை வேறொருத்தன் செய்தால் நான் என்ன பேசுவேன்?

மார்ச் 11, செவ்வாய்

டெய்லரம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். மிஷின் நன்றாகத்தானே ஓடியது என்றார். பெட்டியைத் திறந்து காட்டினேன். எட்டாவது துளையில் வயர் விளிம்போடு ஒட்டிக்கொண்டு நின்றது. தோல் கிழிந்து செம்பு பளபளத்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

வயரை உருவினேன். வழியெல்லாம் கீறல். ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்று. அவன் சொன்னது அத்தனையும் அந்த வயரிலேயே இருந்தது.

மார்ச் 12, புதன்

சுவரை உடைத்தேன். அவன் கைவைத்துக் காட்டிய அதே இடத்தில் பெட்டி வைத்தேன். கொத்தனார் பூச வந்தார். அன்றைக்கே மச்சினர் சொன்னாரே என்றார். ஆமாம், சொன்னான், நான்தான் கேட்கவில்லை என்றேன். அன்று நான் கத்தியதைக் கேட்டவரிடமே இதைச் சொன்னதில் கொஞ்சம் பாரம் இறங்கியது.

போனில் அவனுக்கு என்னென்னவோ எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் புதுப் பெட்டியைப் படமெடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டான்.

மார்ச் 13, வியாழன்

காலை எட்டரைக்கு டெய்லரம்மா வீட்டு வாசலில் நின்றான். கையில் சோப்புத் தண்ணீர் பாட்டில், வயர் வழுக்கிப் போக.

அன்று பேசினது தப்புடா என்றேன். "வயரைப் பாருங்க" என்றான்.

அவன் தையல் அறையில், நான் ஹாலில். வருதா என்று கேட்டான். வருது என்றேன். ஒரு கீறல் இல்லாமல் வந்தது. ஆனால் பகல் முழுக்க "இதைப் பிடிங்க", "அதை எடுங்க" என்று மொட்டையாகவே பேசினான். முறை சொல்லிக் கூப்பிடவில்லை. நீ யாரு என்று கேட்டவனை எந்த முறை சொல்லிக் கூப்பிடுவான்? பொறுத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு ஹால் பெட்டியை மூடப்போனேன். தையல் அறையிலிருந்து குரல்:

"வளையம் எட்டும் இருக்கான்னு எண்ணிட்டீங்களா, அத்தான்?"

எண்ணியிருந்தேன். இல்லை என்றேன். வந்து என் பக்கத்தில் நின்று, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு அவனே எண்ணினான்.