வளர்ந்து முடிந்த தாடை

அன்புள்ள அண்ணனுக்கு,

தை மாதக் கல்யாணம் வேண்டாம். கோபப்படாமல் படி.

முகத்தில் கீழ்த்தாடை எலும்பு கடைசியாகத்தான் வளர்ந்து முடியும், அதுவரை ஆபரேஷன் கூடாது என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பன்னிரண்டு வயது. காத்திருந்தேன். ஆவடி ஸ்டேஷனில் ஒருவன், "இன்னாம்மா, உனுக்கு முன்னாடி உன் தாடை ரயிலு ஏறிடும் போலகீது!" என்று சிரித்தபோதும் காத்திருந்தேன். போன வாரம் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, வளர்ச்சி நின்றுவிட்டது என்றார்.

இரண்டாம் தாரமாக என்னைக் கேட்பவருக்கு இந்த முகமே போதுமாம். எனக்குப் போதாது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராமல், சோற்றை மெல்லாமல் விழுங்கியே வளர்ந்தவள் நான். சட்டப்படி நான் வயது வந்தவள். ஆபரேஷனுக்குக் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்கிறேன். துணைக்கு ஒருவர் வேண்டும் என்கிறார்கள். வருவதானால், மாப்பிள்ளை வீட்டில் முடியாது என்று சொல்லிவிட்டு வா.

உன் தங்கை