முதல் பிளக் சாமிக்கு

8 ஒக்டோபர், செவ்வாய்

ஆறேமுக்காலுக்குத் தெரு முழுவதும் கரண்ட் போய்விட்டது. நவராத்திரிப் பூசை தொடங்கும் நேரம். தங்கை மாலினி கும்பத்துக்கு முன்னால் மணியைப் பிடித்தபடி இருட்டில் நின்றாள். "லண்டனிலயும் இப்பிடியோ அக்கா?" ஒன்பது நாளும் எரிய வேண்டிய மின்விளக்கு அணைந்துவிட்டதே என்று எனக்கு மனம் கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. விளக்கைத்தான் முதலில் எரிய வைத்தேன். பூசை, கடலை, எல்லாம் ஒழுங்காக முடிந்தன.

மேலே என் அறைக்கு வந்தால் இணைய அடாப்டரில் சிவப்பு வெளிச்சம். இணையம் இல்லை.

9 ஒக்டோபர், புதன்

ரவுட்டர் கீழே கூடத்தில், கும்ப மேசைக்கு அடியில். அதற்குப் பக்கத்தில் ஒரு அடாப்டர், இங்கே கூரை அறையில் இன்னொன்று. வீட்டு மின்கம்பி வழியாகவே இணையம் மேலே ஏறும். வகுப்பில் என்றால் இப்படிச் சொல்லியிருப்பேன்: ஒரே பஸ்ஸில் ஆட்களும் போகிறார்கள், கடிதப் பையும் போகிறது. கரண்ட் என்ற ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். இணையம் என்ற பையைத்தான் காணவில்லை.

நாலு மணிக்குக் கனகலிங்கம் ரொறன்ரோவிலிருந்து வழக்கம்போல் அழைத்தார். கைபேசியில் எடுத்தேன். இந்த அறையில் சிக்னல் ஒரு கோடுதான். என் முகம் வாய் திறந்தபடி உறைந்துவிட்டதாம். "பல்டொக்டரிட்டப் போன மாதிரி இருக்கிறீர்" என்றார். நாற்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள், அறுபத்துநாலு வயதில், கட்டிலில் விழுந்து சிரித்தேன்.

ஆனால் சனிக்கிழமை அழைப்பு விளையாட்டில்லை. விஜயதசமி, நல்ல நாள் என்று அவர்தான் குறித்தார். அவருடைய மகள் கௌசி பக்கத்தில் இருப்பாள். "முகம் பாத்துக் கதைக்காமல் நான் ஓம் எண்டு சொல்லமாட்டன் அப்பா" என்றிருக்கிறாள். தாயை இழந்த பிள்ளை. கேட்பது நியாயம். அவள் ஓம் என்றுவிட்டால் — எழுத மாட்டேன், கை கூசுகிறது.

கீழே ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் இருந்து பேசலாமே? பேசலாம். கலியாணமே வேண்டாம் என்று மாலினியோடு முப்பது வருடம் சண்டை பிடித்தவள் நான். இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

10 ஒக்டோபர், வியாழன்

ரவுட்டரை அணைத்து, பத்து வரை எண்ணி, போட்டேன். சிவப்பு.

அடாப்டரில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஒன்றில் அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் மற்றதிலும் அழுத்தினால் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் என்று தாளில் போட்டிருக்கிறது. கும்ப மேசைத் துணிக்குள் கையை விட்டுத் தடவி அழுத்திவிட்டு இரண்டு மாடி ஏறினேன். மூன்று தடவை.

"என்னக்கா, எக்சசைஸோ?"

"ஓம்."

சிவப்பு.

11 ஒக்டோபர், வெள்ளி

மாலினி கோயிலுக்குப் போன நேரம் இரண்டு அடாப்டரையும் குசினிச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில், அருகருகே சொருகினேன். பச்சை, பச்சை. தனியாக நின்று கைதட்டினேன். அப்படியென்றால் அடாப்டர்களில் பழுதில்லை. எடுத்த எடுத்த இடத்தில், துணிக்குள் தடவியே, திரும்ப வைத்தேன். சிவப்பு.

நாலு மணிக்குத் தோர்ண்டன் ஹீத் பஸ் தரிப்பில் நின்று பேசினேன். அங்கே சிக்னல் நல்லது. மூன்று பஸ்கள் எனக்காக நின்று கதவைத் திறந்தன. மூன்றையும் கையசைத்து அனுப்பினேன். நாளைக்கும் இங்கேயே பேசலாமோ? குடை பிடித்துக்கொண்டு பெண் பார்க்கும் படலமா? ஏலாது.

12 ஒக்டோபர், சனி

மூன்றரை. கும்பத்துக்குப் பூ வைக்கக் குனிந்தேன். துணி விலகியது. அடாப்டர் எக்ஸ்ரென்சன் வயரில், சாமி விளக்கு சுவர் பிளக்கில்.

கடைசியாக எதை மாற்றினாய் என்று உன்னையே கேள் — எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். மாற்றியது நான்தான். செவ்வாய்க்கிழமை கரண்ட் வந்ததும், சாமி விளக்கு எக்ஸ்ரென்சனில் எரிவதா, முதல் பிளக் சாமிக்குத்தானே என்று அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றி எக்ஸ்ரென்சனில் போட்டுவிட்டு, விளக்கைச் சுவரில் சொருகினேன். அந்த எக்ஸ்ரென்சனோ மின்னல் காப்பு உள்ளது. வாசற் காவலாளி மாதிரி ஆட்களை உள்ளே விட்டுவிட்டுக் கடிதப் பையைப் பிடித்து வைத்திருக்கிறது.

விளக்கின் பிளக்கில் கை வைத்தேன்.

"விளக்கை ஏனக்கா கழட்டுறாய்?" பின்னால் மாலினி, சுண்டல் தட்டோடு.

சாமிக்கு முன்னால் பொய் வரவில்லை. "மேல இன்ரநெற் வேணும். நாலு மணிக்கு ஒராள் கதைப்பார்."

"கனகலிங்கம் அண்ணையோ?"

தரையில் இருந்துவிட்டேன்.

"மூண்டு மாசமா நீ மேல சிரிக்கிறது கீழ கேக்குது. பேரும் கேக்குது. புதன்கிழமைக்குப் பிறகு ஒரு சத்தமில்லை. ரெண்டு பேருக்கும் சண்டையாக்கும் எண்டு நான் சாமியிட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறன்." பித்தளை விளக்கை எடுத்து வந்தாள். எண்ணெய் விட்டு, திரி போட்டு, கொளுத்தினாள். "சாமிக்கு இது காணும். நீ உன்ரையைச் சொருகு."

சொருகினேன். மேலே ஓடினேன். பச்சை. மணி மூன்று ஐம்பத்தெட்டு. தலைகூட வாரி இழுக்கவில்லை. மாலினி பின்னாலேயே ஏறி வந்து, கேட்காமல் என் பக்கத்தில் இருந்தாள்.

கௌசிக்குத் தகப்பனுடைய கண். ஒரே ஒரு கேள்விதான் முதலில் கேட்டாள். "அன்ரி, அப்பா சாப்பாட்டில குறை சொல்லுவார். ஓகேயா?"

நான் வாய் திறக்க முதல் மாலினி, "இவவுக்குச் சமைக்கவே தெரியாது பிள்ளை."

கௌசியின் முகம் உறைந்துவிட்டதோ என்று அடாப்டரைத் திரும்பிப் பார்த்தேன். பச்சைதான். பிறகு கௌசி சிரிக்கத் தொடங்கினாள். ஒன்றரை மணி நேரம் பேசினோம்.

2 பெப்ரவரி, ஞாயிறு

ரொறன்ரோ போகும் சூட்கேஸில் இன்னும் ஒரு கிலோ இடமிருக்கிறது. இரண்டு அடாப்டரையும் வைக்கலாமோ என்று அவரிடம் கேட்டேன்.

"இஞ்ச பிளக் வேற மாதிரி. அதுகளை மாலினிக்கு விட்டிட்டு நீர் மட்டும் வாரும்" என்றார்.

கீழேயிருந்து மாலினியின் குரல்: "அக்கா, மெதுவாச் சிரி."