நாரைக்கு வைத்த குங்குமம்

ஊறிய புளியின் வாசனை இன்று காலை என்னைக் கூடத்திலேயே உட்கார வைத்துவிட்டது. கிண்ணத்தில் புளி, பக்கத்தில் உன் பழைய பல் பிரஷ், எதிரே செய்தித்தாளின் மேல் நம் பித்தளைப் பறவை. நேற்றுக் கல்யாணத்தில் வைத்த குங்குமம் அதன் நெற்றியில் அப்படியே இருக்கிறது. தேய்த்துத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு முகூர்த்தம் முடிந்ததும் நீ செய்த வேலை. பிரஷை எடுக்கக் கை வரவில்லை. அலுப்பாக இருக்கிறது. அதனால் உனக்கு எழுதுகிறேன். பதில் எதிர்பார்க்கவில்லை, நீ உயிரோடு இருந்தபோதே போன் மெசேஜுக்குப் பதில் போடாதவன்தானே.

அந்த வண்டி நம்மிடம் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஊரைவிட்டுப் போன மில்காரர் ஒருவர் வீட்டுப் பின்கட்டில், கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த சீமைக் கார். நான் மெக்கானிக், நீ டிரைவர். இரண்டு பேர் பெயரிலும் வாங்கி, நகரியில் புத்தூர் ரோட்டோரம் கொட்டகை போட்டோம். நான் எஞ்சினைப் பிரித்தேன். நீ மூன்று நாளும் பானட்டின் மேல் இருந்த அந்த ஒரு பறவையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். "இன்னாடா, வண்டிய வுட்டுட்டு பொம்மைக்கு எண்ணெய் தேச்சிக்கினு இருக்கே?" என்று கத்தினேன். "வண்டி உன்னுது, பொம்மை என்னுது" என்றாய்.

முதல் சவாரி திருப்பதியில் ஒரு கல்யாணம். பெண்ணை ஏற்றப் போனபோது, ஆரத்தி எடுக்க வந்த பெரியம்மா ஒருத்தி பறவையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கருடாழ்வார் முன்னாடி நிக்கிறாருடீ!" என்று சொல்லி மஞ்சள் வைத்து, குங்குமம் வைத்து, தேங்காயும் உடைத்துவிட்டாள். ஏழுமலையான் காலடியில் இருக்கிற ஊரில் இறக்கை விரித்த எதுவும் வேறு எதுவாக இருக்க முடியும்? அந்த வாரமே சித்தூரிலிருந்தும் நாயுடுபேட்டையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், கருடன் வண்டிதான் வேண்டும் என்று. போர்டையும் அப்படியே எழுதிவிட்டோம்.

பிறகுதான் நீ எங்கேயோ படித்துவிட்டு வந்து என் காதில் சொன்னாய், அது கருடன் இல்லை, வண்டி செய்த நாட்டுக் குளத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரை என்று. எனக்குப் பயம் வந்துவிட்டது. சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "வண்டியப் பத்திப் பொய் சொல்லக் கூடாதுடா. சாமியப் பத்தி வாயையே தொறக்கக் கூடாது" என்றாய். அதற்கப்புறம் நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த நாரையைப் பெற்ற கம்பெனியின் கதையை நீ விடாமல் பின்தொடர்ந்தாய். மண்டப வாசலில், பெண் வீட்டார் வர நேரமானால், போனைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சொல்வாய். முதலில் கம்பெனியைத் தொடங்கிய குடும்பத்தார் விற்றார்கள். வாங்கியவன் விமானத்துக்கு எஞ்சின் செய்பவன். அவனிடமிருந்து ஒரு லாரி கம்பெனிக்காரன். அப்புறம் தொழிற்சாலை ஒருவனுக்கும், பெயரும் பறவையும் வேறொருவனுக்குமாகப் பிரிந்தது. ஒவ்வொரு முறையும் நீ சொல்வது ஒன்றே: "நம்ம பொண்ணு மறுபடியும் மாமியார் வீடு மாறிட்டா." பெயரை வாங்கியவன் புதிதாக ஒன்றும் செய்யவில்லை என்றும் சொன்னாய். ஒரே இடத்தில் ஒரே தகட்டில் அடித்த வண்டிக்கு ஒரு மூக்கு வைத்தால் ஆபீஸுக்குப் போகிற கார், பறவையோடு வேறு மூக்கு வைத்தால் ராஜா வீட்டுக் கார். எனக்கு அது திருட்டாகத் தெரிந்தது. நீ சிரித்தாய்.

நம் வண்டி படுத்தபோது அந்த மூக்கு வித்தை நமக்கே உதவியது. ரேணிகுண்டா தாண்டி, மாப்பிள்ளையும் பெண்ணும் பின்னால் இருக்க, கிராங்க் உடைந்து நின்றது. பாகம் கிடைக்கவில்லை. "புத்தூர் கட்டு போட்டாலும் சேராதுடா இது" என்று நான் துணியில் கையைத் துடைத்தபடி சொன்னேன். நீ ஸ்பேனரை எடுத்துப் பறவையைக் கழற்றினாய், வண்டியின் மூக்கான முன் சல்லடையையும் கழற்றினாய். ஊரில் ஆயிரம் பேர் வைத்திருக்கும் சாதாரண வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, அதற்கு அந்த இரண்டையும் பொருத்தினோம். இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை, ஊரை ஏமாற்றுகிறோம் என்று.

மறுநாள் அடுத்த கல்யாணத்துக்குப் போனோம். பெண்ணின் அப்பா வேட்டியைச் சரி செய்துகொண்டு வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ நேரே அவரிடம் போனாய். "ஐயா, ஒண்ணு சொல்லிடறேன். இது அந்தப் பழைய வண்டி இல்ல. மூக்கு மட்டுந்தான் பழசு. வேணாம்னா இப்பவே திரும்பிப் போய்க்கினே இருப்போம்." அவர் வண்டியைப் பார்க்கவில்லை, பறவையை மட்டும் பார்த்தார். "கருடன் இருக்காரு இல்ல? அது போதும்பா" என்றார்.

அதற்கப்புறம் எத்தனை கல்யாணம்! ஒரு வீட்டிலும் நீ சொல்லாமல் விட்டதில்லை, ஒரு வீட்டிலும் வேண்டாம் என்றதில்லை. சில இடத்தில் தெலுங்கில் சொன்னாய், சில இடத்தில் தமிழில். நான் கிண்டல் செய்தேன், மந்திரம் மாதிரி ஆகிவிட்டது என்று. சவாரி முடிந்து கொட்டகைக்கு வந்ததும் புளியை ஊறவைத்து இறகு இறகாகத் தேய்ப்பாய். மேலிருந்த வெள்ளிப் பூச்செல்லாம் அப்படித்தான் போயிற்று. இருக்கட்டுமே, அழகாகத்தானே இருக்கிறது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாய். "ஒரு பொண்ணுக்கு வெச்ச பொட்ட இன்னொரு பொண்ணு வீட்டுக்கு எடுத்துக்கினு போகக் கூடாதுடா."

போன சித்திரையில் நீ போனாய். டீ வாங்கப் போனவன் கடை பெஞ்சில் சாய்ந்தபடியே. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

நீ இல்லாமல் வண்டியை ஓட்ட ஆள் வைத்துப் பார்த்தேன், மனசு ஒட்டவில்லை. என் முழங்காலும் முன்போல் இல்லை. அப்போதுதான் திருப்பதியிலிருந்து ஒருவன் வந்தான், வேலூர்ப் பக்கத்துப் பையன்தான், நிறைய கார்களை வாடகைக்கு விடுகிறவன், நல்ல மாதிரி. கொட்டகையைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "வண்டி வேணாம் சார். பேரும் போன் நம்பரும் குடுங்க. அது போதும்" என்றான். பறவையைப் பல பக்கமும் திருப்பிப் போட்டோ எடுத்தான். சென்னையில் பிளாஸ்டிக்கில் வார்த்துத் தங்க வண்ணம் அடித்து எல்லா வண்டிக்கும் ஒட்டிவிடுவானாம். "ஒரிஜினல நீங்களே வெச்சுக்கோங்க சார்" என்று பெரிய மனதோடு திருப்பிக் கொடுத்தான்.

உன் வழக்கத்தைச் சொன்னேன். சவாரிக்கு முன்னால் பெண் வீட்டாரிடம், இது பழைய வண்டி இல்லை என்று டிரைவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் நிபந்தனை என்றேன். அவன் சிரித்தான். "எவரு அடுகுதாரு சார்? யாரும் கேக்கவே மாட்டாங்க. கேக்காததுக்கு எதுக்கு பதில் சொல்லிக்கினு?"

அன்றே வேண்டாம் என்று அனுப்பியிருப்பேன். உன் வீட்டுக்காரிதான் வந்தாள். "அண்ணா, குடுத்துடுங்க. வண்டிக்குன்னு வெச்ச அவரு போன் அடிச்சா, எடுத்தா, அவருகிட்ட குடுங்கம்மாங்கறாங்க. என்னால முடியலண்ணா." மறுநாளே அந்தப் பையனை வரச் சொன்னேன். போர்டைக் கழற்றிக் கொடுத்தேன். உனக்கு வருத்தம் இருந்தால் அவளிடம் கோபப்படாதே, என் மேல் படு.

நேற்று உன் மகளுக்குக் கல்யாணம். சித்தூரில். சம்பந்தி வீட்டார் தங்கமான மனிதர்கள். பெண்ணை அழைத்துப் போக நான் நம் வெள்ளைக் காரைக் கழுவி வைத்திருந்தேன். பறவையை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டேன், மண்டபத்திலேயே பொருத்திக்கொள்ளலாம் என்று. பேரையும் படத்தையும் விற்றாயிற்று, ஒரே ஒரு நாள், யார் கேட்கப்போகிறார்கள் என்று அந்தப் பையன் சொன்னதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் எழுந்து போவதற்குள் வாசலில் ஹாரன் சத்தம். மாப்பிள்ளையின் அப்பா முகமெல்லாம் சந்தோஷமாக வந்து என் கையைப் பிடித்தார். "சொல்லாம வெச்சிருந்தோம். பொண்ணோட நைனா பேரு சொல்ற வண்டி. அதுலதான் எங்க வீட்டுக்கு வரணும்னு கருடன் வண்டியே புக் பண்ணிட்டோம்!" வெளியே பெரிய புது வண்டி. பானட்டின் மேல் தங்க நிறத்தில் பிளாஸ்டிக் நாரை. நம் நாரையின் இடது இறக்கையில் கல் பட்டு ஒரு நெளிவு இருக்குமே, அந்த நெளிவையும் அச்சு மாறாமல் எடுத்திருந்தான்.

யாராவது சொல்ல வேண்டும். அது உன் வேலை, நீ இல்லாததால் என் வேலை. அவர் கை என் கைக்குள் சூடாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், சொல்லத் தோன்றவே இல்லை. எவனோ விற்று எவனோ வாங்கி, எங்கே போய் நிற்கிறது என்று களைத்துப்போய்த்தான் நின்றேன்.

உன் மகள் மாலையோடு வந்தாள். பறவையைப் பார்த்தாள். என் பையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மாமனாரிடம் போய், தலையைக் குனியாமல், நீ நிற்கிற மாதிரியே நின்று சொன்னாள். "மாமா, ஒண்ணு சொல்லிடறேன். இது எங்க நைனா வண்டி இல்ல. பேரு மட்டுந்தான் அவருது."

அவர் பானட்டின் மேலிருந்த பறவையைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவள் தலையில் கை வைத்தார். "பேரு இருக்குது இல்ல? அது போதும்மா."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. டிரைவர் பையன் கதவைத் திறந்துகொண்டு, யார் என்ன சொன்னார்கள் என்று புரியாமல் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆரத்தித் தட்டோடு உன் வீட்டுக்காரி வந்தாள். பிளாஸ்டிக் பறவைக்கும் பொட்டு வைத்தாள், அது பாவம் என்ன செய்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "எடுத்துக்கினு வந்திருக்கீங்களாண்ணா?" என்று மெதுவாகக் கேட்டாள். தலையாட்டினேன். பையின் வாயை விரித்து, உள்ளே கையை விட்டு, தடவிப் பார்த்து நெற்றி இருக்கிற இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். வண்டி கிளம்பிவிட்டது.

அந்தப் பொட்டுதான் இது. புளி நன்றாக ஊறிவிட்டது, பிரஷும் கையில் இருக்கிறது. ஒரு பெண்ணின் பொட்டை இன்னொரு பெண் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பாய். இனி நாம் போக வேண்டிய வீடு எதுவும் இல்லையடா. புளியை ரசத்துக்குக் கொடுத்துவிட்டேன். இது உன் மகளின் பொட்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.